தேவிகுளம்: ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறும் தோட்டத் தொழிலாளரும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி, மூணாறுப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களை உள்ளடக்கியது. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாகக் கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே அத்தோட்டத் தொழிலாளருட் பெரும்பகுதியினர். இலங்கை மலையகத்தை உருவாக்கிய அதே வரலாற்றுப் போக்கின் மற்றொரு கிளை இது. ஆயின், இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளர் மிகப் பலரின் வாக்கைப் பறித்தன. இந்தியாவிலோ வயதுவந்தோர் வாக்குரிமை அவர்தம் உறவினரைச் சென்றடைந்தது. அவ்வுரிமை எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கவில்லை என்பதை நோக்குவதே நமது நோக்கம்.

தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றைத் தமிழகத்துடன் இணைக்கவேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியபோதும், 1956இன் மாநிலச் சீரமைப்பில் அவை கேரளத்திலேயே தங்கின. மொழியடிப்படையிலான கிளர்ச்சி தணிந்த களத்தில் வர்க்க அடிப்படையிலான அரசியல் முன்னுக்கு வந்தது. 1957இல் இரட்டை உறுப்பினர் தொகுதியாகவிருந்த இங்கு கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பொது இடத்தை வென்றார். புதிய சட்டமன்றத்தின் தற்காலிகச் சபாநாயகரும் அவரே. எனினும், வேட்புமனுவொன்று முறைகேடாக நிராகரிக்கப்பட்டதென்ற வழக்கில் அவரது வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று.

இதனாலெழுந்த 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலின் முக்கியத்துவத்தை எண்ணிக்கைகளே உணர்த்தும். 126 இடங்களுள் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 மட்டுமே. சுயேச்சைகள் ஐவரின் ஆதரவிலேயே ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவை நின்றது. ஒவ்வோர் இடமும் ஆட்சியின் உயிர்நிலையாகவிருந்த அவ்வேளையில், பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தோட்டந்தோறும் பாடிப் பிரசாரஞ் செய்தார். இசையமைப்பாளர் இளையராஜாவின் தமையனார் இவர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் துண்டுப்பிரசுரம் செல்லமுடியாத இடத்துக்கு நாட்டார் மெட்டு சென்றது. கலை மக்களுக்காகவென்பதைக் கொள்கையளவிற் பேசுவோர் இந்நடைமுறையை ஆழ்ந்து கற்றல் வேண்டும். ரோசம்மா முன்னதைவிடக் கூடுதலான வாக்கு வேறுபாட்டில் மீண்டும் வென்றார்.

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், மூணாற்று வேலைநிறுத்தத்தின்போது காவற்றுறையினர் சுட்டதிற் தொழிலாளர் இருவர் மாண்டனர். தொழிலாளரின் வாக்கினால் அமைந்த அரசின் கீழேயே இது நிகழ்ந்தது. ஆட்சியிலமர்தல் வேறு, அரசு இயந்திரத்தின் தன்மையை மாற்றுதல் வேறு என்ற உண்மைக்கு இதனினும் கசப்பான சான்று தேவையில்லை. இதனை மறைப்பது முற்போக்கு வரலாற்றெழுதலுக்கு அழகன்று.

இரட்டை உறுப்பினர் முறை நீங்கியபின், தேவிகுளம் தாழ்த்தப்பட்டோர்க்கான தனித்தொகுதியாயிற்று. காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாறிமாறி வென்றுள்ளன. 1980, 1982, 1987 ஆகிய தேர்தல்களில் மார்க்சிஸ்ட் கட்சியும், 1991, 1996, 2001 ஆகியவற்றிற் காங்கிரசின் ஏ. கே. மணியும், 2006 முதல் மும்முறை மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். இராஜேந்திரனும் வெற்றியீட்டினர். இரு அணிகளின் தொழிற்சங்கங்களே இவ்வாக்குகளைத் திரட்டும் அமைப்புகளாயின.

அச்சங்கங்களின் மீதான நம்பிக்கை தளர்ந்தமையை 2015 செப்டெம்பர் வெளிப்படுத்தியது. போனஸ் குறைப்பை எதிர்த்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மூணாற்று வீதியில் அமர்ந்தனர். சங்கத் தலைவர்களை அண்டவிடாது, 20 சதவீதக் கோரிக்கையை வென்றெடுத்தனர். 'பெம்பிளை ஒருமை' எனும் அவ்வமைப்பு உள்ளாட்சித் தேர்தலிற் சில இடங்களைப் பெற்றபோதும், 2016 சட்டமன்றத் தேர்தலிற் கட்சிகளின் பிடியை அசைக்கமுடியவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியபோது 70 பேர் பலியாயினர். ஆறு தசாப்தகால வாக்குரிமைக்குப் பின்பும் அவர்கள் வாழ்ந்தது லயத்திலேயே.

2021இல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா தமிழிற் பதவிப்பிரமாணஞ் செய்தார். அவர் கிறிஸ்தவரெனக் கூறிக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் அவ்வெற்றியை இரத்துச் செய்தது; 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. முன்னோர் 1950க்கு முன்னரே அம்மண்ணிற் குடியேறியோரா என்ற வினாவும் இவ்வழக்கில் எழுந்தது. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தோர் தமது வரவின் ஆண்டை நிரூபிக்கவேண்டிய நிலை இலங்கை மலையகத்தாருக்கும் பழக்கமானதே.

வாக்குரிமையற்ற மலையகத்தின் வரலாற்றோடு ஒப்பிடின், தேவிகுளத்தார் பெற்றது சிறிதன்று: அமைச்சரவையொன்றைத் தாங்கும் வலு அவர்கள் கையில் இருந்தது. எனினும் நிலமும் வீடும் அவர்கள் வசமாகாதவரை, அவ்வலு பிறரின் ஆட்சியைத் தாங்கும் வலுவாகவே எஞ்சும்.