கூச்சத்தில் போன நாலு மாசம்!

என் வயது 56. கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகளைக் கோவையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு 8 வருடமாகச் சர்க்கரை. எடை 82 கிலோ. மாதவிலக்கு நின்று 5 வருடமாகிறது. அப்பாடா, அந்தத் தொல்லை விட்டது என்று நிம்மதியாக இருந்தவள் நான். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பாவாடையில் காப்பிக் கறை போல ஒரு பொட்டு. காப்பி சிந்தின இடத்தில் உட்கார்ந்து விட்டேன் போலிருக்கிறது என்று துவைத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து, ரத்தம் கலந்த தண்ணீர் மாதிரி பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வலி இருந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "உடம்புச் சூடு. வெந்தயத்தை ஊற வெச்சுக் குடி" என்றார். ஊரிலிருந்து வந்த பெரியம்மாவோ, "நின்னது திரும்ப வந்தா நல்லதுதான்டி, கெட்ட ரத்தம் கழியுது" என்று சொல்லி விட்டார். வெந்தயம், வாழைப்பூ, இளநீர் என்று ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு, ஐப்பசியும் போச்சு. போதாததற்கு, முந்தின வருடம் ஒரு முகாமில் பரிசோதனை செய்து, "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியம் வேறு.

இதில் எனக்குப் பெரிய குழப்பம், விளக்கு ஏற்றலாமா கூடாதா என்பதுதான். 56 வயதில் தூரம் என்று எப்படி வெளியே சொல்வது? பட்ட நாளில் எல்லாம், "முட்டி வலிக்குது, நீங்களே ஏத்துங்க" என்று கணவரிடம் சொல்லி விடுவேன். கார்த்திகை தீபத்தன்று அவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்குக் கூடவா முட்டி வலி? உண்மையைச் சொல்லு" என்றார். அழுதுகொண்டே சொன்னேன். மறுநாள் காலை கையோடு கூட்டிப் போய் விட்டார்.

அந்த லேடி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நின்னு எத்தனை வருஷம்?" இரண்டாவது, "எத்தனை நாளா இருக்கு?" நாலு மாசம் என்றதும் பேனாவைக் கீழே வைத்து விட்டார். "ஒரு வருஷம் முழுசா நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் வரணும்மா" என்றார். முகாமில் பார்த்ததைச் சொன்னேன். "அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை. உள்ளே இருக்கிற சவ்வைப் பத்தி அது சொல்லாது" என்றார். இரண்டும் ஒன்று என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உள்வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். விலக்கு நின்றவர்களுக்கு அந்தச் சவ்வு மெல்லிசாக இருக்க வேண்டுமாம். 4 மி.மீ.க்கு உள்ளே என்றால் அநேகமாகப் பயமில்லை. எனக்கு 14. மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார். விலக்கு வலியைப் போல அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. இரண்டு நிமிஷத்தில் முடிந்து விட்டது. சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த லேபில் கொடுக்கச் சொன்னார்கள். அதை மஞ்சப்பையில் வைத்து, குழந்தையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார் என் கணவர். 30 வருடம் டிக்கெட் பையைத் தூக்கின கை அன்று நடுங்கியதைப் பார்த்தேன்.

"இப்படிப் படுகிற பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனா புற்றுநோய் வந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான் முதல் அறிகுறி" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். முதல் பாதியை என் கணவர் பிடித்துக்கொண்டார். இரண்டாவது பாதியை நான்!

ரிப்போர்ட்டுக்கு 8 நாள் என்றார்கள். மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, அப்புறம்தான் டாக்டர் பார்ப்பாராம். அந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து அஞ்சறைப் பெட்டியைக் கழுவினேன். கேஸ் புத்தகம், பேங்க் பாஸ்புக், நகைச் சீட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கணவருக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புளியை இரண்டு மடங்கு கரைத்து விட்டார் மனுஷன். அதைச் சாப்பிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். போன் அடித்தால் மட்டும் சிரிப்பு நின்று விடும்.

ஆறாம் நாள் நாத்தனார் மன்னார்குடியிலிருந்து வந்தாள். என்னை விட 2 வயது பெரியவள். அண்ணன் மனைவி என்பதால் என்னை "அண்ணி" என்பாள். விஷயத்தைச் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. "அண்ணி, எனக்கும் ஆறு மாசமா இருக்கு" என்றாள். அவள் கணவர் தவறி 7 வருடம். "புருஷன் இல்லாதவளுக்கு அந்த எடத்துல வியாதின்னா ஊரு என்ன பேசும்? மருமக மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு அன்று ஒரு வார்த்தையும் தெரியவில்லை.

8ஆம் நாள் லேபில், "டாக்டர் கையெழுத்துப் போடலை, நாளைக்கு வாங்க" என்று அலட்சியமாகச் சொல்லி விட்டார்கள். மறுநாள் 11 மணிக்குக் கவர் கைக்கு வந்தது. டாக்டர் வருவதோ மாலை 6 மணிக்கு. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்ததில் "கார்சினோமா" என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. "என்ன போட்டிருக்கு?" என்றார் கணவர். "புரியலைங்க" என்றேன். அந்த 7 மணி நேரம் அவருக்காவது நிம்மதி இருக்கட்டும் என்று தோன்றியது. அவரும் அதைப் படித்து விட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மார்கழியில் தஞ்சாவூரில் ஆபரேஷன். கர்ப்பப்பை, குழாய்கள், சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்து விட்டார்கள். பொங்கலைப் படுத்தபடியே கொண்டாடினேன். எடுத்ததைச் சோதித்த ரிப்போர்ட்டுக்கு மறுபடியும் ஒரு காத்திருப்பு. முதல் நிலைதான், வெளியே பரவவில்லை, கரண்ட் வைக்க வேண்டாம் என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொழுப்பு அதிகமானால் உடம்பில் ஒரு ஹார்மோன் அதிகமாகச் சுரந்து, அந்தச் சவ்வை வளர்க்குமாம்.

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாத்தனார் பயந்து ஊருக்குப் போனவள், போனையே எடுக்கவில்லை. தையல் பிரித்த பிறகு என் டாக்டரிடமே கேட்டேன். "இந்த உள்சவ்வுப் புற்றுநோய் யார்கிட்டயிருந்தும் தொத்தி வர்றதில்லை. கல்யாணமே ஆகாத கன்னியாஸ்திரிக்கும் வரும்" என்றார். அதை அப்படியே நாத்தனார் மருமகளுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பெண் திட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "ஏன் அத்தை என்கிட்ட மறைச்சாங்க?" என்று அழுதாள். அவளேதான் கூட்டி வந்தாள்.

போன வாரம் நாத்தனாருக்குச் சதை எடுத்தாகி விட்டது. என் வீட்டில்தான் இருக்கிறாள். நேற்று ராத்திரி 2 மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அஞ்சறைப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.