தமிழ்த்துறையும் வலைப்பூவும்: ஒரு விளக்கம்

ஆசிரியர் ஒருவர் தாம் கற்றும் ஆராய்ந்தும் கண்டவற்றைத் தம் மாணவர்க்கேயன்றி வகுப்பறைக்குப் புறத்தே உள்ளார்க்கும் உணர்த்தும் முயற்சி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர், மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து 1897-இல் 'ஞானபோதினி' என்னும் இதழைத் தோற்றுவித்தார். அக்கல்லூரியிலேயே 1898-இல் ஆசிரியராய் அமர்ந்த மறைமலையடிகள் 1902-இல் 'ஞானசாகரம்' என்னும் இதழைத் தொடங்கினார். 1911-இல் கல்லூரிப் பணியினின்று நீங்கிப் பல்லாவரத்தில் உறைந்த காலத்தும் அதனைக் கைவிட்டாரல்லர். முல்லைப்பாட்டிற்கு 1903-இலும் பட்டினப்பாலைக்கு 1906-இலும் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியுரைகள் மாணாக்கர் பயன் கருதி எழுந்தவை. ஆயினும் கல்லூரி வாயிலைக் காணாத தமிழன்பர் பலரும் அவற்றைப் படித்தனர். அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. பல்லாவரமும் தாம்பரமும் இக்கட்டுரையாளர் வாழும் குன்றத்தூருக்கு அணித்தே உள்ளவை.

இவ்விதழ்களை ஈண்டு நினைவூட்டுவது பழம்பெருமை பேசுதற்கன்று. இன்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் வலைப்பூவையும் சமூக ஊடகங்களையும் கையாளுகின்றன. ஆயினும் பெரும்பாலான துறைகளின் பக்கங்களில் நாம் காண்பன யாவை? கருத்தரங்க அழைப்பிதழ், பொன்னாடை போர்த்தும் படம், பிறந்தநாள் வாழ்த்து என்னும் இவையே. பரிதிமாற் கலைஞரும் மறைமலையடிகளும் அச்சுக்கூலியும் அஞ்சற்செலவும் தேடி அலைந்து செய்த பணியை, ஏறத்தாழப் பொருட்செலவின்றிச் செய்யும் வாய்ப்பு நம் கைக்கு வந்தபின், அதனைப் படக்காட்சிக்கே செலவிடுகின்றோம். இது வருந்தத்தக்கது.

வலைப்பூவும் சமூக ஊடகமும் ஒன்றெனக் கருதுவார் உளர், அவை ஒன்றல்ல. வலைப்பூ என்பது நாளிட்ட பதிவுகளின் தொகுதி. அதன் ஒவ்வொரு பதிவிற்கும் தனித்ததொரு முகவரி உண்டு. பத்தாண்டு கழித்து ஒருவர் தம் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அம்முகவரியைக் காட்டலாம். தேடுபொறியும் அதனை எளிதிற் கண்டுகொள்ளும். முகநூல், வாட்சப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் முதலியன ஆற்றொழுக்குப் போன்றவை. இன்று இட்டது நாளை கீழே இறங்கும். மறுதிங்களில் இட்டவருக்கே தேடற்கரியதாகும். வாட்சப் குழுவிற் பேசியது அக்குழுவினர்க்கன்றிப் பிறர்க்குப் புலனாகாது. முன்னதை ஏட்டிற்கும் பின்னதைத் திண்ணைப் பேச்சிற்கும் ஒப்பிடலாம். திண்ணைப் பேச்சு வேண்டாததன்று. செய்தியைப் பரப்புதற்கும் ஐயங்களை எழுப்புதற்கும் அதனினும் சிறந்த இடமில்லை. ஆனால் பொருளை ஏட்டில் எழுதி வைத்துத் திண்ணையில் 'ஏட்டைக் காண்க' என்று சொல்லுதலே முறையாம். நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். அரிய கல்வெட்டுக் குறிப்பொன்றை முகநூலில் இடுகின்றனர். வலைப்பூவில் விழா அழைப்பிதழை ஏற்றுகின்றனர்.

தமிழில் வலைப்பூக்கள் 2003-ஆம் ஆண்டளவில் தோன்றலாயின. 2004-இல் எழுந்த 'தமிழ்மணம்' போன்ற திரட்டிகள் அவற்றை ஓரிடத்துக் கூட்டி வாசகர்க்குக் காட்டின. பேராசிரியர் சிலர் அத்தொடக்க நாளிலிருந்தே இதன் பயனை உணர்ந்து உழைத்தனர். புதுச்சேரிப் பேராசிரியர் மு. இளங்கோவன் தம் வலைப்பூவில் தமிழறிஞர் பலருடைய வாழ்வையும் பணியையும் தொடர்ந்து பதிந்து வருதலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பண்ணாராய்ச்சியில் தோய்ந்த குடந்தை ப. சுந்தரேசனார் போன்றாரைப் பற்றி இன்றைய மாணவர் அறிதற்கு இத்தகைய பதிவுகள் துணைபுரிகின்றன. அதற்கும் முன்னர், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005-இல் எழுந்த நூலகம் திட்டமும் பெரிதும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியைப் பிற துறையினர் செய்தனர் என்பதே உண்மை.

இனி, நிலைபேறு பற்றி ஆராய்வாம். இணையத்தில் ஏற்றியது என்றும் அழியாது என்னும் எண்ணம் பிழைபட்டது. யாஹூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளம் 2009-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. அங்கிருந்த பக்கங்கள், எவரேனும் படியெடுத்து வைத்தாலன்றி, அவற்றோடு மறைந்தன. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் வரலாற்றிற் படித்து நெஞ்சு பதைக்கும் நாம், நம் கண்முன்னரே நிகழும் இவ்வழிவைப் பொருட்படுத்துகின்றோமில்லை. ஆதலின் துறையின் ஒவ்வொரு பதிவையும் மூன்றிடங்களிற் காத்தல் வேண்டும். வலைப்பூவில் ஒன்று, துறைக் கணினியில் ஒன்று, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது ஆவணக் காப்பகத்தில் ஒன்று. ஆண்டிற்கு ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் அச்சிட்டுக் கட்டித் துறை நூலகத்தில் வைத்தலும் நகைப்பிற்குரியதன்று.

எழுத்துக் குறியேற்றத்தாலும் இழப்பு நேர்வதுண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றின. அக்காலத்துப் பக்கங்களை இன்று திறப்பின் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும், அதனோடு தமிழ் அனைத்து எழுத்துரு பதினாறு என்னும் முறையையும் தரமாக அறிவித்த பின்னரும், பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து இறுதியில் மாற்றும் வழக்கம் ஆய்வேட்டு உலகில் முற்றும் நீங்கிற்றில்லை.

ஒருங்குறியிலும் இடர்ப்பாடுகள் உள. பதிப்பியல் பயில்வார்க்கு இவை சுவை பயப்பன. ஏட்டுச் சுவடியிற் புள்ளியின்மையாலும் எகர ஏகார வேறுபாடின்மையாலும் பதிப்பாசிரியர் பட்ட இன்னலை நாம் அறிவோம். கணினியில் அதற்கு மறுதலையான இன்னலொன்று உண்டு. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது உள்ளே இரண்டாய் இருத்தலே அது. ஔவையார் என்னும் பெயரை ஔகார உயிரெழுத்தால் தட்டச்சு செய்வார் சிலர். ஒகரத்தின் பின் ளகரத்தை இட்டு எழுதுவார் பலர். அச்சில் வேறுபாடு ஏறத்தாழத் தெரியாது. ஆயினும் கணினிக்கு இவை இரு வேறு சொற்கள். ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று அகப்படாது போதல் கூடும். ஔவையாரைப் பற்றி நன்கெழுதிய கட்டுரையொன்று இச்சிறு பிழையால் தேடுவார் கைக்கு எட்டாது போமாயின், அது சுவடி செல்லரித்தமைக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று.

புணர்ச்சியும் இவ்வாறே. தமிழ்ச்சொல் வேற்றுமையுருபும் சாரியையும் ஏற்றுப் பலபட வடிவு மாறுவது. ஆங்கிலச் சொல்லின் வேறுபட்ட வடிவங்களை இனங்காணும் அளவிற்குத் தேடுபொறிகள் தமிழில் இன்னும் திறம் பெற்றில. ஆதலின் 'குன்றத்தூர்க்கோயிற்கல்வெட்டுகளிற்காணலாகும்' என்று புணர்த்தெழுதிய தலைப்பு இலக்கணத்திற்கு இயைந்ததேனும் தேடுவார்க்குப் பயன்படாது. தலைப்பிலேனும் பெயர்களை உருபேற்காத வடிவிற் பிரித்து நிறுத்துக. செய்யுளைப் படமாக்கி அழகுபட வெளியிடுவாரும் ஒன்றை நினைத்தல் வேண்டும். படத்துள் அடைபட்ட எழுத்தைப் பெரும்பாலும் தேடியெடுக்க இயலாது. பார்வையற்ற மாணவர்க்குப் படித்துக் காட்டும் மென்பொருளும் அதனைக் கண்டு இடர்ப்படும். படம் வேண்டுமாயின் கீழே எழுத்திலும் தருக.

பாடத்தின் தூய்மையே தமிழ்த்துறையின் தலையாய கடமை. சமூக ஊடகங்களிற் பழம்பாடல்கள் நூற்பெயரின்றியும் பாடலெண்ணின்றியும் உலவுகின்றன. ஏழு சீர் அமையாத வரிகள் குறள் என்னும் பெயர் தாங்கி வருகின்றன. இவற்றைக் கண்டு எள்ளுதல் எளிது. ஆனால் திருத்தம் தேடி வருவோர்க்கு நம்பத்தக்க பக்கமொன்றைப் பல்கலைக்கழகம் ஆக்கி வைத்துளதா என்பதே வினா. துறையின் வலைப்பூ வெளியிடும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் நூல், பாடலெண், பதிப்பாசிரியர், பதிப்பாண்டு ஆகிய நான்கும் இன்றியமையாதன. பாடவேறுபாடு உளதாயின் அதனையும் குறித்தல் வேண்டும். இந்நான்கையும் தாங்கிய பதிவு திங்களுக்கு ஒன்றே வரினும் போதும். பிழை கண்டு பிறர் சுட்டிய வழி, பதிவைச் சொல்லாது மாற்றுதல் அறமன்று. இன்ன நாளில் இன்னது திருத்தப்பெற்றது எனக் கீழே எழுதுதல் வேண்டும். அச்சு நூலில் பிழைத்திருத்தப் பட்டியல் இடுவதை இழிவென எவரும் கருதினாரல்லர்.

விக்கிப்பீடியாவைப் பற்றிச் சில கூறல் தகும். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. கோவையில் 2010 சூன் திங்களில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்க்கென விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. மாணவர் எழுத்து வகுப்பறைக் குறிப்பேட்டோடு முடியாமல் பொதுமக்கள் படிக்கும் இடத்தை அடைதல் இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால் அங்கே ஒரு விதியுண்டு. முன்னர் எங்கும் வெளிவராத புத்தாய்வை அக்கலைக்களஞ்சியம் ஏற்காது. ஆதலின் மாணவர் தம் புது முடிபை முதலில் துறையின் இதழிலோ வலைப்பூவிலோ வெளியிடுதல் வேண்டும். ஏற்கெனவே நிலைபெற்ற செய்திகளை விக்கிப்பீடியாவிற்கு வழங்குதல் வேண்டும். இவ்வேறுபாட்டை முதுகலை முதலாண்டிலேயே கற்பித்தல் நலம்.

துறையொன்று எப்பொருளைக் கொண்டு தொடங்கலாம் எனின், தன்னைச் சூழ்ந்த நிலத்தைக் கொண்டு தொடங்குக என்பேன். குன்றத்தூரையே காண்போம். பெரிய புராணம் அருளிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. அவர் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் கொண்ட ஈடுபாட்டால் இவ்வூரில் அப்பெயரிலேயே கோயிலொன்று எடுப்பித்தார் என்பர். 2021-இல் நகராட்சியாக உயர்ந்த இவ்வூர் நாள்தோறும் உருமாறி வருகின்றது. சுற்றிலும் மாங்காடு, கோவூர், கெருகம்பாக்கம், மௌலிவாக்கம், அனகாபுத்தூர், சோமங்கலம், மணிமங்கலம் என வழங்கும் பெயர்கள் ஊர்ப்பெயராய்விற்கு விருந்தாவன. பாக்கம் என்னும் ஈறு வாக்கம் எனத் திரிதல் யாண்டு நிகழ்கின்றது, யாண்டு நிகழவில்லை என்பது ஒன்றே ஒரு மாணவர்க்கு ஓராண்டுப் பணியாகும். தமிழக அரசு 2020-இல் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையை மாற்றி ஆணையிட்டுச் சில நாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஊரார் வாயில் வழங்கும் ஒலிப்பை முறையாகப் பதிந்து வைத்த தமிழ்த்துறைகள் பல இருந்திருப்பின், அவ்வாணைக்கு உறுதியான துணை கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைச் சார்ந்த ஐந்து பெயர்களைக் கொள்க. முதியோர் ஒலிக்கும் முறையை ஒலிப்பதிவு செய்க. வயல், ஏரி, மதகு, தோப்பு ஆகியவற்றின் பெயர்களையும் விடாது குறிக்க. வீட்டுமனைகள் பெருகுந்தோறும் முதலில் மறைவன இவையே. கல்வெட்டில் அப்பெயர் வருமாயின், அச்சேறிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிட்ட பின்னரே எழுதுக. தகவல் தந்தார் பெயரையும் படத்தையும் அவர் இசைவின்றி வெளியிடலாகாது; இசைவு பெறுங்கால், இஃது உலகெங்கும் உள்ளார் காணும் பக்கம் என்பதை அவர்க்கு விளங்கச் சொல்லுதல் வேண்டும். கையெழுத்து வாங்குதல் மட்டும் இசைவாகாது.

ஆய்வு மாணவர்க்கு அச்சமொன்று உண்டு. தாம் வலைப்பூவில் இட்டதைப் பிறர் கவர்ந்து தம்முடையதாக்குவர் என்பது அது. இவ்வச்சம் ஆதாரமற்றதன்று, ஆயினும் நாளிட்ட பதிவே முந்துரிமைக்குச் சான்றாய் நிற்கும் என்பதையும் நினைக. இதனினும் பெரிதாய சிக்கல் வேறொன்றுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்பெற்று 'சோத்கங்கா' களஞ்சியத்திற் சேர்கின்றன. 2018-ஆம் ஆண்டு விதிகள் ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருப்பின் தண்டமில்லை என்றும், அதற்கு மேற்படின் படிநிலைக்கேற்ற நடவடிக்கை உண்டு என்றும் வகுத்தன. தம் வலைப்பூவில் முன்னரே எழுதிய பகுதியை மாணவர் ஆய்வேட்டில் அப்படியே சேர்ப்பின், ஒப்புமை காணும் மென்பொருள் அதனையும் சுட்டும். எழுதியவர் அவரே என்பது அக்கருவிக்குத் தெரியாது. எனவே வலைப்பூவில் தரவையும் சிறு குறிப்பையும் வெளியிட்டு, விரிந்த வாதத்தை ஆய்வேட்டிற்கு வைத்துக்கொள்ளுதலும், முன்பதிவை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சுட்டுதலும் தக்கவை. நெறியாளர் இதனைத் தொடக்கத்திலேயே உரைத்தல் வேண்டும். ஏடு அளிக்கும் நாளில் உரைத்தல் பயனில்லை.

வலைப்பூக் கட்டுரை ஆசிரியரின் பதவி உயர்வில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஈடாகக் கொள்ளப்படுவதில்லை. இதனால் இளம் விரிவுரையாளர் இப்பணியிற் பின்வாங்குதல் இயல்பே. அவர்களைக் குறைகூறுதற்கில்லை. துறைத்தலைவர் இப்பணியைப் பணிப்பங்கீட்டில் ஒரு பாடவேளையாகவேனும் கணக்கிட்டால் அன்றி, ஆர்வத்தால் தொடங்கியது இரண்டாம் ஆண்டில் நின்றுவிடும். நின்றுபோன துறை வலைப்பூக்களின் இறுதிப் பதிவுகளைப் பார்ப்பின், அவற்றிற் பல ஆசிரியர் ஒருவர் பணிமாறிய அல்லது ஓய்வுபெற்ற நாளோடு ஒத்திருத்தலைக் காணலாம். கணக்கு அவர்தம் சொந்த மின்னஞ்சலிற் பதிந்திருக்கும். கடவுச்சொல் அவரோடு சென்றிருக்கும். ஆதலின் கணக்கு துறையின் பெயரால், பல்கலைக்கழகம் வழங்கிய மின்னஞ்சலில் அமைதல் வேண்டும். கடவுச்சொல் உறையிலிட்டு முத்திரையிட்டுத் துறை அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். பொறுப்பு மாறுங்கால் நூலகச் சாவியை ஒப்படைப்பது போல அதனையும் ஒப்படைத்துப் பதிவேட்டில் இருவரும் ஒப்பமிடுதல் வேண்டும்.