பரோட்டாவை நிறுத்துமுன் ரத்தம் கொடுங்கள்

விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா, சாத்தூருக்குக் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா. வயிறு பொருமினால் எங்கள் பக்கம் பழி முதலில் பரோட்டா மேல்தான் விழும். மைதாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கோதுமைப் புரதமான குளூட்டன்தான் குற்றவாளி என்று பரிசோதிக்காமலே தீர்ப்பெழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சிதைவது சீலியாக் நோய். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். தெற்கே கோதுமை உண்பது குறைவு என்பதே பெரிய வித்தியாசம். பரோட்டாக் கடைகள் பெருகிவிட்ட ஊரில் இந்தக் கணக்கு இப்படியே நிற்குமென்று சொல்ல முடியாது.

பாலின் கதை வேறு. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காதவர்கள் டெல்லியில் நூற்றுக்கு 27 பேர், தென்னிந்தியாவில் 66 பேர். ஆகவே உப்புசம், பேதி என்றால் முதலில் டீயைச் சந்தேகியுங்கள். இரண்டு வாரம் பாலை விட்டுப் பாருங்கள். மறுபடி குடித்துப் பாருங்கள். செலவில்லை. உறுதி செய்ய, பெரிய மருத்துவமனைகளில் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை உண்டு. பால் சேராத பலருக்கு மோரும் தயிரும் சேரும்.

கோதுமை விஷயத்தில் இந்த முறை ஆகாது. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தசோகை தீராதவர்கள், வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள், காரணமில்லாமல் எடை குறைபவர்கள், வீட்டில் யாருக்காவது சீலியாக் இருப்பவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்தே பார்ப்பார்கள். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று அறிக்கை வரும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள், மருத்துவர் சொன்னால், ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்ட பிறகே ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். முடிவு பாசிட்டிவ் என்றால் எண்டோஸ்கோபி செய்து குடல் திசுவைப் பார்ப்பார்கள்.

பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் தொழிலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பட்டாசு மருந்தில் இருக்கக்கூடிய பேரியம் உப்புகள் வயிற்றுக்குள் போனாலும் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். மருந்துக் கையைக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு இது முக்கியம்.

எச்சரிக்கை வேண்டியது இன்னொன்றில். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் 'சேரும், சேராது' என்று பட்டியல் தரும் ஐஜிஜி பரிசோதனைகள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படுகின்றன. ஓர் உணவுக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள் இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008லேயே இதைப் பரிந்துரைக்க முடியாது என்று அறிவித்துவிட்டது. ஏற்கெனவே சோகை பிடித்த ஒரு பெண் இந்தப் பட்டியலை நம்பி முட்டை, பால், கடலை எல்லாவற்றையும் விட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவருக்கும் குடும்பத்தாருக்கும் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை உரிமை உண்டு. மற்றவர்களுக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது மருத்துவர்களுக்கான விதி.

சீலியாக் உறுதியானால் கம்பு, சோளம், கேழ்வரகு, அரிசி தாராளமாகச் சாப்பிடலாம். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா கலந்திருக்கலாம்; கவனம். பொட்டலத்தில் கோதுமை இருப்பதை லேபிளில் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டிருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மீறினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம். பொய் வாக்குறுதியில் பரிசோதனையை விற்றிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வழக்கை நிரூபிப்பது கடினம். ரத்தம் கொடுத்த அன்றே பரிசோதனையின் பெயர் போட்ட பில்லை வாங்கி வையுங்கள்.