தலைநகரில் வழி தெரிந்து பயணம் செய்வோம்



கோலா தெர்லாவிலிருந்து வெளியே போவதற்கு நாம் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. இருப்பது ஒரே சாலை. ஒரு பக்கம் போனால் கம்போங் ராஜா. மறுபக்கம் போனால் திரிங்காப், பிரிஞ்சாங், தானா ராத்தா. பேருந்து வந்தால் ஏறுகிறோம். ஐயமிருந்தால் ஓட்டுநரைக் கேட்கிறோம். இறங்கும் இடம் வந்ததும் பக்கத்தில் இருப்பவரே குரல் கொடுத்துவிடுவார். இதே பழக்கத்தோடு கோலாலம்பூரில் போய் இறங்கும்போதுதான் திகைத்துப் போகிறோம். அங்கே ரயில் ஓட்டுநரிடம் எதையும் கேட்க முடியாது. சில தடங்களில் ஓட்டுநரே கிடையாது!

இந்தத் திகைப்பினால் நம் குடும்பங்களுக்கு ஏற்படும் நட்டம் கொஞ்சநஞ்சமல்ல. பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தால், "கூட வர ஆளில்லையே" என்று தவணையைத் தள்ளிப் போடுகிறோம். மகள் தலைநகரில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியும் அவள் இருக்கும் அறையைத் தாய் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். துணிந்து போகிறவர்களும் கொழுந்தெடுத்துச் சேர்த்த பணத்தை வாடகைக் காருக்கே கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். ரயிலில் சில வெள்ளிதான் செலவாகும். தெரிந்துகொள்ள வேண்டியதும் அதிகமில்லை.

முதலில், எங்கே போய் இறங்குகிறோம்? பெரியவர்கள் இன்னும் "புடுராயா" என்றே சொல்வார்கள். 1976இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் நகரின் நடுவில் இருந்தது. இப்போது கேமரன் மலையிலிருந்து போகும் விரைவுப் பேருந்துகள் பெரும்பாலும், 2011இல் செயல்படத் தொடங்கிய டி.பி.எஸ். என்ற நிலையத்தில் இறக்கிவிடுகின்றன. அது நகருக்குத் தெற்கே இருக்கிறது. நம் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று புறப்படும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. பேருந்து நிலையத்துக்கு டி.பி.எஸ். என்று பெயர், அதை ஒட்டிய ரயில் நிலையத்துக்கு பண்டார் தாசேக் செலாத்தான் என்று பெயர். இரண்டையும் ஒரு நடைபாலம் இணைக்கிறது. இறங்கியவுடன் "டாக்சி வேண்டுமா?" என்று யாராவது பின்னால் வந்தால் நின்று பேச வேண்டாம், பாலத்தை நோக்கி நடக்கலாம்.

கோலாலம்பூர் ரயில்கள் ஒரே நாளில் ஒரே திட்டமாக வந்தவை அல்ல. கொமுட்டர் ரயில் 1995இல் வந்தது. முதல் எல்.ஆர்.டி. 1996இலும், வேறொரு நிறுவனத்தின் எல்.ஆர்.டி. 1998இலும், மோனோரெயில் 2003இலும் ஓடத் தொடங்கின. எம்.ஆர்.டி. 2016இல்தான் வந்தது. தனித்தனியாகக் கட்டியதால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சில இடங்களில் சுலபமாகவும், சில இடங்களில் அலைச்சலாகவும் இருக்கிறது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் முன்பு வெளியே வந்து மறுபடி டிக்கெட் வாங்கித்தான் அடுத்த எல்.ஆர்.டி.யில் ஏற முடியும். 2011க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டரிலிருந்து எல்.ஆர்.டி.க்கு மாற இன்றும் ஒரு வாயிலில் வெளியேறி மறு வாயிலில் நுழையத்தான் வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் எண்ணும் ஒரு நிறமும் உண்டு. ரயில் எந்தத் திசையில் போகிறது என்பதை, அது கடைசியாகப் போய்ச் சேரும் நிலையத்தின் பெயரைக் கொண்டுதான் எழுதிவைத்திருப்பார்கள். ஆகவே நாம் போகும் ஊரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. தடத்தின் எண், கடைசி நிலையம், மாற வேண்டிய நிலையம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். மலாய் எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிகூட எண்ணையும் நிறத்தையும் பார்த்து மேடையைக் கண்டுபிடித்துவிடலாம். புறப்படுமுன் பள்ளிப் பிள்ளையிடம் சொல்லி இவற்றை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதி வாங்கி, சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். பண்டார் தாசேக் செலாத்தானில் 4ஆம் எண் எல்.ஆர்.டி.யில், செந்தூல் தீமோர் என்று போட்ட பக்கம் ஏறுகிறோம். தித்திவங்சாவில் இறங்கி 12ஆம் எண் எம்.ஆர்.டி.க்கு மாறினால், அடுத்த நிலையமே மருத்துவமனையின் பெயர் கொண்ட நிலையம். 2023 மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது அது.

போவது சுலபம், வரும்போதுதான் கவனம் வேண்டும். தித்திவங்சாவில் ஒரே மேடைக்கு இரண்டு விதமான ரயில்கள் வரும். ஒன்று அம்பாங் போவது, இன்னொன்று புத்ரா ஹைட்ஸ் போவது. சான் சோ லின் நிலையம் வரை இரண்டும் ஒரே பாதை. அதற்குப் பிறகு பிரிந்துவிடும். நமக்கு வேண்டியது புத்ரா ஹைட்ஸ் ரயில். தவறி அம்பாங் ரயிலில் ஏறிவிட்டாலும் பதற்றம் வேண்டாம். சான் சோ லின்னில் இறங்கி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். அதேபோல, 4ஆம் எண் தடமும் 5ஆம் எண் தடமும் புத்ரா ஹைட்ஸில்தான் போய் முடிகின்றன, ஆனால் வெவ்வேறு வழியாக! பெயரை மட்டும் பார்த்து ஏறினால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். எண்ணையும் பார்க்க வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

பத்துமலைக்குப் போவது இதைவிட எளிது. அதே பண்டார் தாசேக் செலாத்தானில் 1ஆம் எண் கொமுட்டரில், பத்துமலை என்று போட்ட பக்கம் ஏறினால் எங்கும் மாற வேண்டாம். கோயில் அடிவாரத்திலேயே இறங்கலாம். வழியில் உள்ள கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கொமுட்டர் எல்.ஆர்.டி.யைப் போல அடிக்கடி வராது. அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரும். 2010 முதல் அதில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி உண்டு. இளஞ்சிவப்பு அடையாளத்தைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் அதில் ஏறிக்கொள்ளலாம்.

எல்.ஆர்.டி.யில் டிக்கெட்டுக்குப் பதில் நீல நிற வில்லை ஒன்று தருகிறார்கள். நுழையும்போது வாயிலில் தொட வேண்டும். வெளியேறும்போது துவாரத்தில் போட வேண்டும். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருக்கும், ஆகவே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அடிக்கடி போகிறவர்கள் டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. நகரப் பேருந்துகளில் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை என்பதால் அதற்கும் இந்த அட்டை உதவும். தலைநகரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு மை50 என்ற மாதச் சீட்டும் இருக்கிறது. 50 வெள்ளிக்கு 30 நாள் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரெயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். கொமுட்டருக்கு மட்டும் செல்லாது. 60 வயதைத் தாண்டியவர்கள் அடையாள அட்டையைக் காட்டிச் சலுகைக் கட்டணம் பற்றி முகப்பில் விசாரிக்கலாம்.

நகரும் படிக்கட்டைக் கண்டு தயங்கும் பெரியவர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்தலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. படிக்கட்டில் நிற்பவர்கள் இடப்பக்கமாக நிற்பது வழக்கம். அவசரமாகப் போகிறவர்கள் வலப்பக்கம் போவார்கள்.

குடும்பமாகப் போகும்போது ரயில் கதவு மூடி, பாதிப் பேர் உள்ளேயும் பாதிப் பேர் வெளியேயும் ஆகிவிடுவதுண்டு. இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு பேசி வைக்க வேண்டும். உள்ளே போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலேயே நிற்க வேண்டும். விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் அங்கே போய்ச் சேர வேண்டும். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் தேடிப் புறப்பட்டால் நாள் முழுவதும் சுற்ற வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு: ரயில் போய்விட்டால் நின்ற இடத்தைவிட்டு நகராமல், சீருடை அணிந்த ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

ரயில்கள் காலை 6 மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளும். நோயாளியோடும் மூட்டையோடும் அப்போது ஏறுவது சிரமம். திரும்பும் பேருந்துக்கு டிக்கெட்டைக் காலையில் டி.பி.எஸ்.இல் இறங்கியவுடனே வாங்கிவிடலாம். மாலையில் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, எந்த வாயிலில் பேருந்து நிற்கும் என்று பலகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தானா ராத்தாவில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். அந்த நேரத்தில் கோலா தெர்லாவுக்குப் பேருந்தை நம்பியிருக்க முடியாது. ஆகவே புறப்படும் முன்பே அக்கம்பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போகலாம்.