குழந்தைகள் இல்லங்களும் ஆய்வும்

முல்லைப் பெரியாற்று அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் சிறுபிள்ளையும் கேட்டறியும். அணை நீரை அளப்பார் உண்டு. பெற்றோரை இழந்தோ பிரிந்தோ இல்லங்களில் வளரும் குழந்தைகளின் நலத்தை அளப்பார் யார்?

அதற்கும் சட்டம் உண்டு. குழந்தைகளைக் காக்கச் சென்னை மாகாணம் 1920-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. இன்று நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி ஒவ்வோர் இல்லமும் பதிவு பெறுதல் வேண்டும். மூவருக்குக் குறையாத ஆய்வுக்குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் நேரில் வந்து பார்த்தல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாகவும் ஒருவரேனும் மருத்துவ அலுவலராகவும் இருப்பர். ஒரு வாரத்திற்குள் அறிக்கை தருதலும் அக்குழுவின் கடமையாகும். மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவும் மாதம் இருமுறையேனும் இல்லங்களைப் பார்வையிடல் வேண்டும்.

ஆயினும் எதனைப் பார்ப்பது? நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆய்வாளர் வருகிறார் என்றால் தரையைக் கழுவிப் பதிவேடுகளை அடுக்கி வைப்போம். ஒருமுறை வந்தவர் பதிவேட்டை மூடிவிட்டு, கடைசி வரிசைச் சிறுவன் ஒருவனை மரத்தடிக்கு அழைத்துப் பேசினார். குடிநீர்த் தொட்டி பத்து நாட்களாக வறண்டு கிடப்பதை அவனே சொன்னான். அதனை நானும் அறிந்திருக்கவில்லை; நாணினேன்.

இல்லங்களுக்கும் இதுவே பொருந்தும். காப்பாளர் அருகில் இல்லாதபோது குழந்தை சொல்வதே ஆய்வின் உயிர். இல்லத்திலிருந்து வரும் தோழன் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவன் துயருற்றால் ஆசிரியரிடம் கூறுங்கள். அல்லது 1098 என்னும் எண்ணை அழையுங்கள். அடுத்த ஆய்வு வரும்வரை அவனுக்குக் கண்ணும் செவியும் நீங்களே அல்லவா?