எஞ்சிய நாள்கள்

துவாரகாவுக்கு மெட்ரோ இரயில் 2005 டிசம்பர் 31 அன்று வந்தது. அப்போது தில்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் பொறியாளர் இ. ஸ்ரீதரன். அவருடைய செயல்திறனை நாடு முதலில் கண்டது தமிழகத்துப் பாம்பனில்தான்.

1964 டிசம்பர் புயலில் பாம்பன் இரயில் பாலம் சிதைந்தது. இராமேசுவரம் தீவு துண்டிக்கப்பட்டது. சீரமைக்க ஆறு மாதங்கள் ஆகும் என்று கணித்தனர். புதிய உத்தரங்களுக்காகக் காத்திராமல், கடலில் விழுந்த இரும்பு உத்தரங்களை மீட்டுப் பொருத்தினார் 32 வயது ஸ்ரீதரன். 46 நாள்களில் பணி நிறைவுற்றது.

பின்னாளில் மெட்ரோ பணியிடங்களில், எஞ்சிய நாள்களைக் காட்டும் பலகைகளை வைக்கச் செய்தார்.

இருப்பதைக் கொண்டு தொடங்குதல், எஞ்சிய நாளை மறவாதிருத்தல் ஆகிய இரண்டும் செயல்திறனின் கண்கள். மாணவர்களே, தேர்வுக்கு எஞ்சியுள்ள நாள்களை எண்ணி, மேசைமேல் எழுதி வையுங்கள்.