கண்ணைக் கொத்தாத கண்கொத்திப் பாம்பு

பச்சைப் பாம்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? "கண்ணைக் கொத்தும்" என்பதுதானே? எனக்கும் அப்படித்தான். எட்டாவது படிக்கையில் எங்கள் தோட்டத்து வேலியில் ஒன்றை நானே தடியால் அடித்துக் கொன்றிருக்கிறேன். "நல்ல வேலை செஞ்சே சாமி" என்று அமிச்சி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு. நாங்கள் நாலு பேர் காந்திபுரத்தில் பஸ் ஏறி மாங்கரையில் இறங்கினோம். காட்டுக்குள் போகவில்லை (அனுமதி வேண்டும், யானையும் உண்டு!). தோட்டங்களை ஒட்டிய மண் ரோட்டில் நடந்தோம். உண்ணிச்செடிப் புதர் ஒன்றின் அருகே மெக்கானிக்கல் நண்பன் நின்றுவிட்டான். "டேய், அந்தக் கொடி மூச்சு விடுதுடா!"

கொடியல்ல, கண்கொத்திப் பாம்பேதான். காற்று அடித்தால் அதுவும் கூடவே ஆடுகிறது. பல்லி, ஓணான், தவளையெல்லாம் ஏமாறுவது இப்படித்தான். அதன் கண்மணி, சாவித் துவாரத்தைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் ஒரே இரையை நேராகப் பார்க்க முடியும். சர்வேயில் இரண்டு ஸ்டேஷனிலிருந்து ஒரே புள்ளியைப் பார்த்துத் தூரம் கணக்கிடுகிறோமே, அதே கணக்குதான்.

விஷம் உண்டு, ஆனால் பற்கள் மேல்தாடையின் பின்பக்கம் இருக்கின்றன. மனிதனைக் கடித்தால் பொதுவாக வலியும் வீக்கமுமாக வந்து போய்விடும். கண்ணைக் குறி பார்ப்பது என்பது சுத்தக் கதை. புதரில் நம் முக உயரத்தில் கூர்மூக்கோடு நிற்பதால் வந்த பயமாக இருக்கலாம். இந்தக் கதை நம்மூரில் மட்டுமல்ல, இலங்கையிலும் உண்டு. 'கண்ணைப் பிடுங்குவது' என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்துதான் 'அஹேடுல்லா' என்ற விஞ்ஞானப் பெயரே வந்தது!

இனி போட்டோ. முதல் தப்பு என்னுடையது. செல்போனை ஒரு அடி தூரத்தில் நீட்டினேன். அது கழுத்தை உப்பியது, செதில்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரிந்தன, வாயைப் பிளந்தது. கோபம் என்று நினைத்தேன். உண்மையில் அது பயம். பின்வாங்கினோம். பாம்பின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் பழையபடி கொடியாகிவிட்டது. ஃபோகஸ் முன்னால் இருந்த இலைக்கே ஓடியது. திரையில் பாம்பின் கண்மேல் விரலை வைத்ததும் சரியானது. ஃபிளாஷ் வேண்டாம். நண்பன் தோளில் கையை ஊன்றினால் ஆடாது. கிளையை விலக்கி, குச்சியால் நிமிர்த்தி எடுப்பதெல்லாம் கூடவே கூடாது.

அப்போது ஆடு ஓட்டி வந்த பாட்டி ஒருவர், "கிட்டப் போகாத கண்ணு, கண்ணைக் கொத்திப் போடும்" என்று கையிலிருந்த தொரட்டியை ஓங்கினார். "வேண்டாங்க ஆத்தா, அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்று குறுக்கே நின்றோம். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி. பச்சையாக இருப்பதெல்லாம் கண்கொத்தி அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். முக்கோணத் தலை, தடித்த உடம்பு. நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலின் விஷத்தை வைத்துத் தயாராவது. குழிவிரியனுக்கென்று தனி மருந்து இங்கே இல்லை. ஆகவே தெரிந்த பாம்பானாலும் தூரம் தூரம்தான். யாரையாவது கடித்துவிட்டால் போட்டோவுக்காகப் பாம்பைத் தேடி ஓடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது படத்தை அமிச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதையா அன்னைக்கு அடிச்சுப் போட்டே?" என்றார்.

"ஆமாங்க அமிச்சி."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் இன்னொரு தரம் பெரிசாக்கிக் காட்டச் சொன்னார்.